கன்டினியூட்டி

கானாடுகாத்தானில் அந்த வீட்டுக்கு
இருபத்தாறு பங்குக்காரர்கள்.
பினாங்கிலிருந்து ஒருவர் மட்டும் சரி என்றார்:
இரண்டு இரவு, ஆறாயிரம்,
ஆத்தங்குடிக் கல்லில் மெழுகு ஒழுகக் கூடாது.

விஸ்காம் இரண்டாம் ஆண்டு, பதினொரு பேர்,
இரவல் விளக்கு இரண்டு,
சொக்கு எழுதி இயக்கும்
பன்னிரண்டு நிமிடப் பேய்ப்படம்.

பட்டியல் வாட்ஸ்அப்பில் வந்தது.
பேய்: முடி நீளமான பெண்.
வாட்ச்மேன்: கறுப்பா இருக்கணும், முதல்ல சாவான்.
மந்திரவாதி: தாடி.
காரில் வரும் நான்கு நண்பர்களுக்கு மட்டும்
பெயர் இருந்தது.

முடி இருந்ததால் நான்.
தாடி இருந்ததால் நூருல் அமீன்.
"ஜின்னுன்னாலே எனக்குப் பயம்டா" என்று பார்த்தான், நடக்கவில்லை.
முத்துக்கருப்பனை யாரும் கேட்கவேயில்லை.
எங்களில் ஃபோகஸ் பிசகாமல் இழுப்பவன் அவன்தான்.
காக்கிச் சட்டையை
அவன் அளவிலேயே வாடகைக்கு எடுத்திருந்தார்கள்.

நான் ஏன் செத்தேன் என்று கேட்டேன்.
"லவ் ஃபெயிலியர். கிணறு. ஃபிளாஷ்பேக்ல வரும்."
ஆம்பளை பேயானா?
"சொத்துத் தகராறு" என்றான் அமீன்,
பூட்டிய இருபது அறைகளைப் பார்த்தபடி.

வளவின் தூண்களுக்கிடையே
மெல்ல வா, இன்னும் மெல்ல,
தலையைச் சாய், முடியை முன்னால் போடு.
கொலுசு ஒலிக்க வேண்டும், பாதம் தெரியக் கூடாது.
ஏழாவது டேக்கில் ஜெனரேட்டர் நின்றது.

மணி ஒன்றே முக்கால்.
முத்து பெட்ரோல் கேனை எடுத்தான்.
டீ வேணும் என்று நானும் கிளம்பினேன்.
அந்த வீட்டின் முன்வாசல் ஒரு தெருவில்,
பின்வாசல் அடுத்த தெருவில்.
பின்னால் இறங்கினோம்.

எங்கள் ஹாஸ்டல் கேட் ஆறரைக்கு மூடும்.
ஒன்றே முக்கால் என்றொரு நேரத்தை
நான் வெளியில் பார்த்ததேயில்லை.
எதிரே பைக்கில் இருவர்,
வழக்கம்போல வேகம் குறைத்தார்கள்,
முகத்துப் பவுடரைப் பார்த்தார்கள்,
திரும்பிய வேகத்தில்
ஒற்றைச் செருப்பு சாலையில் கிடந்தது.

துப்பட்டா இல்லை. காதில் பொய்யாக ஒரு போன் இல்லை.
பத்தொன்பது வயதில்
முதல்முறையாகக் கையை வீசி நடந்தேன்.

திருச்சி ரோட்டு டீக்கடையில்
லாரிக்காரர்கள் பெஞ்சையே காலிசெய்து கொடுத்தார்கள்.
மாஸ்டர் காசு வாங்க மறுத்தார்.
ஒருவர் மட்டும் முத்துவிடம் திரும்பி,
"வாட்ச்மேன், வண்டி எடுக்கணும், பின்னாடி பாரு" என்றார்.
அவன் போனான்.
விசிலடித்தான், கைகாட்டினான்,
ஒடி ஒடி, வா வா, ஸ்டாப்.
டீ ஆறிப்போன பிறகு வந்தான்.

"எங்கப்பா நெசமாவே வாட்ச்மேன்தான்.
கோயம்புத்தூர்ல ஏடிஎம்.
பதினாலு வருசமாச்சு, இன்னும் சாகல.
ராத்திரி பூரா ஏசியில ஒக்காந்து
சுடோகு போடுறாரு."
சொக்குகிட்ட சொன்னியா?
"கேக்கலையே."

எனக்கு ஏன் அவ்வளவு சிரிப்பு வந்ததென்று தெரியவில்லை.
அவனும் சிரித்தான். கண்ணாடித் தம்ளர் ஆடியது.
வெள்ளைப் புடவையில்
உள்ளங்கை அகலத்துக்கு டீ.

"கன்டினியூட்டி போச்சு!"
சொக்கு தலையில் கைவைத்துக்கொண்டான்.
மடிப்பை மாற்றினார்கள், பவுடர் கொட்டினார்கள்,
விளக்கை நகர்த்தினார்கள்.
வேறு புடவை இல்லை.

முத்து மூன்றே டேக்கில் செத்தான்.
விழும்போது சட்டைப்பையிலிருந்து
மடித்த பேப்பர் ஒன்று நழுவியது,
பாதிக் கட்டங்கள் நிரம்பியிருந்தன.
கட் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

செமினார் ஹாலில் படம் போட்டபோது
கத்த வேண்டிய இடத்தில் எல்லோரும் கத்தினார்கள்.
தாடிக்கு ஒரு முறை, கொலுசுக்கு மூன்று முறை.
நான் கறையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பட்டாலையில் நடக்கும்போது புடவை வெள்ளை.
இரண்டாங்கட்டைத் தாண்டும்போது கறை.
கிணற்றடியில் மறுபடி வெள்ளை.

இடையில் எங்கேயோ
அந்தப் பேய்
டீ குடித்துவிட்டு வந்திருக்கிறது.